சக் பெரியின் பாட்டு, மார்க் நொப்லரின் விரல்: ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் என் மாடி அறைக்குச் சனிக்கிழமைகளில் கிட்டார் பழக வரும் பெடியன்களில் ஒருவன் போன வருடம் ஒரு பெடலோடு (கிட்டாரின் சத்தத்தை மாற்றும் மிதிகருவி) வந்து நின்றான். "அண்ணா, மூன்று மாசம் காசு சேர்த்து வாங்கினது. ஆனா நொப்லர்ட சத்தம் வருதில்ல." வாசித்துக் காட்டு என்றேன். 'ஜோனி பி. குட்' பாட்டின் தொடக்கத்தை, அதை எழுதிய அமெரிக்க ரொக் அண்ட் ரோல் கிட்டார்காரர் சக் பெரி வாசித்த அதே வேகத்தில், பிக்கால் (கம்பியை அடிக்கும் சின்னத் தகடு) வாசித்தான். பெடல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கேட்டது மட்டும் சுத்தமாகக் குளித்துவிட்டு வந்த சக் பெரி.

ஒரு பழைய ரொக் அண்ட் ரோல் பாட்டை இன்னொரு கிட்டார்காரரின் பாணிக்கு மாற்ற வருகிறவர்களில் பாதிப்பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். மீதிப்பேர் அந்தக் கிட்டார்காரரின் சோலோவை மனப்பாடம் செய்து பாட்டின் நடுவே ஒட்டுகிறார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

எடுத்துக்கொள்ளும் பாட்டு, 1958இல் வெளிவந்த 'ஜோனி பி. குட்'. மாற்றப்போவது டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் கிட்டார்காரர் மார்க் நொப்லர் பாணிக்கு. உங்களுக்கு வேறு பாட்டும் வேறு ஆளும் பிடித்திருக்கலாம். அப்போதும் வரிசை இதுதான், விரல் வேலை மட்டும் மாறும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று. மூன்று சிங்கிள் கோயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) உள்ளது என்றால் நல்லது. இல்லாவிட்டால் இருப்பதே காணும். எட்டாம் படி வரைக்கும் அகூஸ்டிக் கிட்டாரிலும் பழகலாம்.

புதுக் கம்பி. தடிப்பு எண் 9 அல்லது 10இல் தொடங்கும் மெல்லிய செட். காலி வீதிக்குக் கடல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஜன்னலோரம் தொங்கும் கிட்டாரின் கம்பி உப்புக்காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். பிக்கால் வாசிக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. விரல் சதையால் வாசிக்கும்போது துருப்பிடித்த கம்பி அரம் மாதிரி இழுக்கும்.

மெட்ரோனோம், பதிவு செய்ய ஒரு போன், கொப்பி, பென்சில். அப்புறம் பாட ஒருவர். நீங்களே பாடினாலும் சரி. பாடும் குரல் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஏன் என்பது ஏழாம் படியில் விளங்கும்.

திறமை என்று பார்த்தால், பார் கோர்ட்களை (ஒரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே வைத்துப் பிடிப்பவை) தடுமாறாமல் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அது வராதவர்கள் இரண்டு மாதம் பொறுத்து வாருங்கள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் மூன்று, நான்கு வாரத்தில் பாட்டு நிற்கும்.

1. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை எண்ணுங்கள்

மூலப் பாட்டை மூன்று தடவை கேளுங்கள். மூன்றாம் தடவை கைதட்டிப் பார்களை எண்ணுங்கள். நான்கு தட்டு, அதாவது நான்கு பீட், ஒரு பார். கொப்பியில் 12 கட்டம் கீறி எந்தக் கட்டத்தில் எந்தக் கோர்ட் என்று எழுதுங்கள். மூலம் பி ஃப்ளாட் சுருதி. நான் இங்கே ஏ சுருதியில் சொல்கிறேன், ஃப்ரெட் எண்ணுவதற்கு லேசு.

நான்கு பார் ஏ, இரண்டு பார் டி, இரண்டு பார் ஏ, இரண்டு பார் ஈ, இரண்டு பார் ஏ. ப்ளூஸ் பழகியவர்களின் கை பத்தாம் கட்டத்தில் தானாக டிக்கு இறங்கும். இந்தப் பாட்டில் இறங்காதீர்கள். ஒன்பதும் பத்தும் ஈதான். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பாடுகிறவர் அந்த இரண்டு பாரிலும் ஈயை நம்பித்தான் வரியை இழுத்துப் போகிறார்.

அடுத்ததாகக் கிட்டார் இல்லாமல், கைதட்டலோடு மட்டும் பாடிப் பாருங்கள். மெட்டு அதிகம் ஏறி இறங்குவதில்லை. கிட்டத்தட்ட ஒரே ஸ்வரத்தில் நின்று கதை சொல்கிறது. நாம் தேடுவதும் இதைத்தான். மெட்டு நெளிந்து வளைந்து போகும் பாட்டுகள் வேகத்தை மாற்றினால் உடைந்துவிடும். கதை சொல்லும் பாட்டு உடையாது. நொப்லரும் பாதிப் பாட்டைக் கதைப்பதுபோலப் பாடுகிறவர் என்பதால் இந்தப் பொருத்தம் நன்றாக அமைகிறது.

2. எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று எழுதி வையுங்கள்

மூன்று நிரல் போடுங்கள். வைத்திருப்பவை: வரிகள், 12 பார் அமைப்பு, கோரஸில் குரல் கூப்பிடக் கிட்டார் பதில் சொல்வது. மாற்றக்கூடியவை: சுருதி, வேகம், தாளத்தின் நடை. விட வேண்டியவை: தொடக்கத்தில் வரும் அந்த இரட்டைக் கம்பி வாசிப்பும், அடிக் கம்பிகளில் ஓடும் ரிதமும்.

இந்த மூன்றாம் நிரலைப் பார்த்ததும் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். "அந்தத் தொடக்கம் இல்லாட்டி அது என்ன பாட்டு?" சரி. ஆனால் அந்த நான்கு பாரைக் கேட்டவுடன் கேட்பவரின் காது சக் பெரியிடம் போய் உட்கார்ந்துவிடும். பிறகு நீங்கள் என்ன வாசித்தாலும் அது அவரோடு ஒப்பிடப்படும். சோலோவின் கடைசியில் இரண்டு பார் மட்டும் அதைத் தொட்டுவிட்டு வர நான் இடம் கொடுப்பேன். அதற்கு மேல் கிடையாது.

வைத்திருக்கும் நிரலின் கடைசி விஷயத்துக்குக் கீழே கோடு போடுங்கள். குரலுக்குக் கிட்டார் பதில் சொல்வது சக் பெரியின் பழக்கம், அது நொப்லரின் பழக்கமும்கூட. இருவரும் சந்திக்கிற இடம் அதுதான். மாற்றத்தைக் கட்டி எழுப்ப வேண்டியதும் அங்கிருந்துதான்.

3. நொப்லரின் பழக்கங்களைப் பிடியுங்கள், சோலோவை விடுங்கள்

1978இல் வந்த 'சுல்தான்ஸ் ஒஃப் ஸ்விங்', 1985இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' இரண்டையும் கேளுங்கள். முதலாவது ஸ்ட்ராடோகாஸ்டர், கூர்மையான சுத்தச் சத்தம். இரண்டாவது லெஸ் பால், தடித்த சத்தம். கிட்டாரும் வேறு, சத்தமும் வேறு. என்றாலும் நாலு ஸ்வரத்துக்குள் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அப்படியென்றால் அடையாளம் பெடலிலும் மரத்திலும் இல்லை என்பது விளங்குகிறதா? என் மாணவர்களுக்கு இதைச் சொல்லி விளங்க வைப்பதைவிட, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவது சுலபம்.

கேட்கும்போது வினைச்சொற்களாக எழுதுங்கள். "பிக் இல்லாமல் கிள்ளுகிறார்." "குரல் முடிந்து அரை பீட் கழித்து நுழைகிறார்." "கோர்ட்டை உடைத்து ஸ்வரம் ஸ்வரமாக வைக்கிறார்." "ஒரு ஸ்வரத்தை உரக்க, அடுத்ததைக் காதோடு காதாக." "வாசிக்காமல் விடுகிறார்." என் கொப்பியில் இப்படி ஒன்பது வரி இருக்கிறது. ஐந்து கிடைத்தாலே வேலை தொடங்கலாம்.

'சுல்தான்ஸ்' சோலோவை முழுசாக எழுதி வைத்துப் பழகுவது நல்ல பயிற்சிதான், நானும் பழகினேன். ஆனால் அதன் துண்டுகளை இந்தப் பாட்டில் வைத்தால் கேட்பவருக்கு இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் ஓடுவதுபோல இருக்கும். அந்தப் பாட்டு டி மைனரில், தனக்கென்று ஒரு கோர்ட் வரிசையில் நிற்கிறது. நம்முடையது ஏ மேஜரில் 12 பார்.

4. வலது கை

இந்தப் படிக்கு இரண்டு வாரம் வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். பிக்கை வேறு அறையில் வையுங்கள். மேசையில் இருந்தால் கை போய்விடும்.

மோதிரவிரலையும் சின்னிவிரலையும் கிட்டார் உடம்பில், ஆக மெல்லிய கம்பியான முதல் கம்பிக்குக் கீழே லேசாக ஊன்றுங்கள். மிஞ்சுவது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல். இந்த மூன்றும்தான் வாசிக்கும். ஊன்றிய விரல்கள் கைக்கு ஓர் இடத்தைக் கொடுக்கின்றன. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கம்பியைத் தேட வேண்டிவரும், தேடுகிற கை பிந்தும்.

முதல் பயிற்சி. இடது கையில் ஏ கோர்ட்டின் மூன்று ஸ்வரம்: 3ஆம் கம்பி 6ஆம் ஃப்ரெட், 2ஆம் கம்பி 5, முதல் கம்பி 5. மெட்ரோனோம் 60. ஒன்றாம் பீட்டிலும் மூன்றாம் பீட்டிலும் கட்டைவிரல் 5ஆம் கம்பியைத் திறந்தபடி அடிக்கட்டும். இரண்டிலும் நான்கிலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து 3ஆம், 2ஆம் கம்பிகளைக் கிள்ளட்டும். கிள்ளிய உடனே இடது கை அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ஃப்ரெட்டை விட்டு எடுக்காமல். சத்தம் 'டப்' என்று வெட்டுப்பட வேண்டும். இழுபட்டால் தளர்த்தியது காணாது.

இரண்டாம் பயிற்சி. அதே மூன்று ஸ்வரம், இப்போது கட்டைவிரல் கீழே இறங்கி 3ஆம் கம்பியை எடுக்கிறது. சுட்டுவிரல் 2ஆம் கம்பி, நடுவிரல் முதல் கம்பி. ஒவ்வொன்றாக உருட்டுங்கள். கிளாசிக்கல் கிட்டார் பழகி வந்தவர்கள் இங்கேதான் திணறுவார்கள். அவர்களுடைய கட்டைவிரல் 4ஆம் கம்பிக்குக் கீழே வர மறுக்கும். நொப்லரின் லீட் வாசிப்பில் கட்டைவிரல் எல்லாக் கம்பிக்கும் போகும். அதன் சதைப்பற்றான தடித்த சத்தத்துக்குப் பக்கத்தில் சுட்டுவிரலின் மெல்லிய சத்தம் வரும்போது, ஒருவர் கதைக்க இன்னொருவர் பதில் சொல்வதுபோல இருக்கும். பிக்கால் இந்த வித்தியாசம் வரவே வராது.

மூன்றாவது, சொடுக்கு. சுட்டுவிரலின் சதையைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, வெளிப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். கம்பி திரும்பிப் போய் ஃப்ரெட்டில் 'டக்' என்று மோதும். இது கறிவேப்பிலை மாதிரி, ஒரு வரிக்கு ஒன்று. என் பெடியன்கள் இதைக் கண்டுபிடித்த நாளில் எல்லா ஸ்வரத்தையும் சொடுக்குவார்கள். கடையில் யாரோ குறடு வைத்து வேலை செய்வதுபோல இருக்கும்.

பொதுவான பிழைகள் இரண்டு. ஒன்று, நகம் நீளமாக இருப்பது. சதை முதலில் பட வேண்டும், ஆகவே வெட்டிவிடுங்கள். மற்றது, சத்தம் குறைகிறது என்று பலமாகக் கிள்ளுவது. விரலின் சத்தம் பிக்கைவிடக் குறைவுதான். அதற்கு ஆம்ப்பை (கிட்டாரின் ஒலிபெருக்கி) கூட்ட வேண்டும், கையைக் கூட்டக் கூடாது. முழுப் பலத்தில் கிள்ளிக்கொண்டே இருந்தால் உரக்கச் சொல்வதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

இதை நான் தெஹிவளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கற்றுக்கொண்டேன். வீட்டில் அழகாக வந்தது. மண்டபத்தில் சத்தப் பரிசோதனையைப் பிக்கால் செய்துவிட்டு, பாட்டு வந்ததும் விரலுக்கு மாறினேன். எனக்கே என் கிட்டார் கேட்கவில்லை. பலமாகக் கிள்ளினேன். இரண்டாம் பாட்டில் சுட்டுவிரல் கொப்பளித்தது. மூன்றாம் பாட்டில் சட்டைப் பையிலிருந்து பிக்கை எடுத்துவிட்டேன். எதால் வாசிக்கப் போகிறீர்களோ அதால் சத்தத்தைச் சரிபாருங்கள்.

5. வேகத்தைக் குறையுங்கள்

மூலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 168 பீட். விரலால் அந்த வேகத்தில் ரிதம் அடிக்கலாம், ஆனால் பதில் சொல்ல நேரம் இருக்காது. கணக்குப் பாருங்கள்: 168இல் ஒரு பார் 1.4 விநாடி. 120இல் சரியாக 2 விநாடி. கோரஸில் குரல் கூப்பிட்டு முடிந்ததும் கிட்டாருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு பார்தான். அந்த அரை விநாடிக்கும் கொஞ்சம் மேலான வித்தியாசத்தில்தான் மூச்சு விட்டு, தாமதமாக நுழைந்து, ஒரு ஸ்வரத்தை நிறுத்தி வைக்க முடிகிறது.

120இல் தொடங்கி இரண்டு மூன்றாகக் கூட்டியும் குறைத்தும் பாடிப் பாருங்கள். 100க்குக் கீழே போனால் வரிகள் தொங்கும். எனக்குப் பிடித்தது 118. பாடுகிறவருக்கு எது வசதியோ அதை எழுதி வைத்து, பிறகு மாற்றாதீர்கள்.

வேகம் குறைந்தால் பாட்டு நீளும். 12 பார் 168இல் 17 விநாடி, 120இல் 24. எல்லாச் சரணத்தையும் எல்லாக் கோரஸையும் வைத்தால் கேட்பவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். இரண்டாம் சரணத்துக்குப் பிறகு வரும் கோரஸை நான் எடுத்துவிடுகிறேன்.

நடையைப் பற்றி ஒன்று. சக் பெரியின் அந்தக் காலப் பதிவுகளில் கிட்டார் நேராக, ஒரு பாரில் சமமான எட்டு எண்ணும், ட்ரம்ஸ் கொஞ்சம் ஊஞ்சலாடும். இரண்டும் உரசுவதில்தான் அந்தத் துள்ளல். நமக்கு எல்லாரும் நேராக எண்ணுவது நல்லது. விரலின் வெட்டுச் சத்தம் அப்போதுதான் தெளிவாக விழும். கொழும்பில் ட்ரம்ஸ் அடிக்கிறவர்களில் பலரும் பைலா (இலங்கையின் ஆட்டப் பாட்டு) பார்ட்டிகளில் வளர்ந்தவர்கள். வேகம் குறைந்ததும் கை தானாக ஆறு எண்ணும் 6/8 தாளத்துக்கு உருளும். அது தப்பான தாளம் இல்லை, ஆனால் இந்தப் பாட்டு ஐந்து நிமிடத்தில் பைலாவாகிவிடும். முதல் ஒத்திகையில் ஹைஹெட்டையும் கிக்கையும் மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மச்சான் என்று தோளில் தட்டிச் சொன்னால் கோபிக்க மாட்டார்கள்.

6. கோர்ட்களை மூன்று கம்பிக்குச் சுருக்குங்கள்

ஆறு கம்பியும் ஒலிக்கும் பார் கோர்ட்டை இனி மறந்துவிடுங்கள். பேஸ் கிட்டார் இருந்தால் அடி ஸ்வரத்தை அவர் பார்த்துக்கொள்வார். நீங்களும் அதையே அடித்தால் குரலுக்குக் கீழே சேறாகிவிடும்.

3ஆம், 2ஆம், முதல் கம்பி என்ற வரிசையில் ஃப்ரெட் எண்கள் இவை. ஏ: 6-5-5. டி: 7-7-5. ஈ: 4-5-4. ஒரு தடவை ஆறுதலாக மாற்றிப் பாருங்கள். ஏயிலிருந்து டிக்குப் போகும்போது முதல் கம்பி விரல் அசைவதில்லை. 3ஆம் கம்பி ஒரு ஃப்ரெட்டும் 2ஆம் கம்பி இரண்டும் ஏறுகின்றன. ஏயிலிருந்து ஈக்குப் போகும்போது 2ஆம் கம்பி அப்படியே நிற்க, மற்ற இரண்டும் இறங்குகின்றன. கை எங்கும் ஓடுவதில்லை. கோர்ட் மாறுவது தாவலாகக் கேட்காமல் ஒருவர் திரும்பிப் பார்ப்பதுபோலக் கேட்கிறது.

கிட்டார் கழுத்தில் மேலே கை நிற்க இன்னொரு வீடு இருக்கிறது. ஏ: 9-10-9. டி: 11-10-10. ஈ: 9-9-7. முதல் இரண்டு சரணத்துக்குக் கீழ் வீடு, மூன்றாம் சரணத்துக்கு மேல் வீடு என்று வைத்தால் ஒன்றும் கூட்டாமலே பாட்டு ஒரு படி ஏறும்.

கோரஸில்கூட எல்லா பீட்டிலும் அடிக்காதீர்கள். இரண்டாம், நான்காம் பீட்டில் வெட்டுச் சத்தம் போதும்.

இங்கே வரும் ஆசை ஒன்று: பாட்டை மைனருக்கு மாற்றிவிடுவோமா? மாற்றினால் உடனே "நொப்லர் மாதிரி" இருக்கும், அதனால்தான் ஆசை. நான் மாற்றிப் பார்த்தேன். கதையில் வரும் பையனுக்கு ஏதோ கெட்டது நடக்கப் போவதுபோல இருந்தது. வேண்டாம். மைனர் நிறம் வேண்டுமென்றால் 3ஆம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் தொட்டு, அதே அடியில் 6க்கு விரலை இறக்குங்கள். மைனரின் மூன்றாம் ஸ்வரம் மேஜராக மாறும் அந்தக் கணம் காணும்.

7. குரலுக்கு வழி விட்டு, பிறகு பதில் சொல்லுங்கள்

பாடுகிறவரைக் கைதட்டலோடு பாட வைத்துப் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே வரித்தாளில் அவர் மூச்சு எடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். கிட்டார் பேசக்கூடிய இடங்கள் அந்தக் கோடுகள் மட்டுமே.

எல்லாக் கோட்டிலும் பேசவும் கூடாது. முதல் 12 பாரில் இரண்டே இரண்டு பதில். ஒவ்வொன்றும் மூன்று ஸ்வரத்துக்கு மேல் போகக் கூடாது. ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், பாட்டுக்குள் போகப் போகப் பதில்கள் நீள வேண்டும். தொடக்கத்திலேயே பையைக் கொட்டிவிட்டால் மூன்றாம் சரணத்துக்கு என்ன மிஞ்சும்?

ஒரு பதிலைக் கிட்ட இருந்து பார்ப்போம். குரல் வரியை முடிக்கிறது. ஒன்றாம் பீட்டை விடுங்கள், ஒன்றும் வாசிக்க வேண்டாம். இரண்டாம் பீட்டுக்கு அரை பீட் பிந்தி, 3ஆம் கம்பி 4ஆம் ஃப்ரெட்டைக் கட்டைவிரலால் அடித்து இரண்டு ஃப்ரெட் உயரத்துக்குக் கம்பியை வளைத்துவிடுங்கள். அது ஏ கோர்ட்டின் மூன்றாம் ஸ்வரத்துக்கு வந்து சேரும். உடனே 2ஆம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டைச் சுட்டுவிரலால் மெதுவாக. கடைசியாக முதல் கம்பி 5ஆம் ஃப்ரெட், ஒரு சொடுக்கு. அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். முதல் ஸ்வரம் உரக்க, இரண்டாவது முணுமுணுப்பு, மூன்றாவது புள்ளி.

புதியவர்கள் அந்த ஒன்றாம் பீட்டை விட மாட்டார்கள். வெறுமையாக இருப்பது பயமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். உண்மைதான். வாய்க்குள் "ஒன்று" என்று சொல்லிக்கொண்டு வாசியுங்கள், வாய் நிரம்பினால் கை பொறுத்திருக்கும்.

பாடுகிறவருக்கும் ஒரு வார்த்தை. மூலத்தில் இருக்கும் உற்சாகக் கூச்சலை இந்த வேகத்தில் செய்தால் வேடமாக இருக்கும். பஸ் தரிப்பில் பக்கத்தில் நிற்பவருக்குக் கதை சொல்வதுபோலப் பாடச் சொல்லுங்கள்.

8. சோலோ: 24 பார், அவ்வளவுதான்

ஆறாம் படியின் கோர்ட் வடிவங்களை உடைத்து வாசித்தாலே முக்கால்வாசி சோலோ வந்துவிடும். முதல் 12 பார் கீழ் வீட்டில், அடுத்த 12 மேல் வீட்டில். கோர்ட் மாறும் பாரின் முதல் ஸ்வரம் புதுக் கோர்ட்டின் ஸ்வரமாக இருக்கட்டும். பெண்டடோனிக் என்ற ஐந்து ஸ்வரப் பெட்டிக்குள் மேலும் கீழும் ஓடினால் கோர்ட் மாறியது கேட்பவருக்குத் தெரியாது. இங்கே பேஸ் கிட்டாரை நிறுத்தினாலும் 12 பாரும் காதில் தெரிய வேண்டும். நிறுத்திச் சோதித்தும் பாருங்கள்.

2ஆம் கம்பி 7ஆம் ஃப்ரெட்டை ஒரு ஃப்ரெட் அளவுக்கு மட்டும் வளைத்தால் ஏயின் ஏழாம் ஸ்வரம் கிடைக்கும். டிக்குப் போகுமுன் நான்காம் பாரில் அதை வையுங்கள், கோர்ட் தானாக இழுபட்டு வரும். 22ஆம் பார் முடிய சக் பெரியின் தொடக்கத்தை இரண்டு பார் விரலால் தொடலாம். நான் அதை ஆகக் குறைந்த சத்தத்தில் வாசிப்பேன். சபையில் இருக்கும் பழைய ஆட்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

9. இப்போதுதான் சத்தம்

கை சரியானபின் சத்தத்துக்குப் பெரிய செலவு இல்லை. ஐந்து நிலை சுவிட்ச் உள்ள கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேரும் இரண்டாம் நிலை. மூக்கால் பேசுவதுபோன்ற மெல்லிய சத்தம். இன்றைய கிட்டார்களில் பெரும்பாலும் நடுப் பிக்கப்பின் கம்பிச் சுற்று எதிர்த்திசையில் இருக்கும். ஆகவே இந்த நிலையில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அடங்கிவிடும். பழைய தொடர்மாடிகளில் எர்த் சரியில்லாத பிளக்குகளோடு போராடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. (எர்த் கோளாறு இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கிட்டார் பிறகு.)

ஆம்ப்பில் கெய்ன் (சத்தத்தைக் கரகரக்க வைப்பது) ஆகக் குறைவு, பேஸ் 4, மிட் 6, ட்ரெபிள் 6, கொஞ்சம் ரிவேர்ப் (எதிரொலி). கிட்டாரின் வொல்யூமை 7இல் வைத்துத் தொடங்குங்கள், சோலோவுக்குக் கூட்ட இடம் வேண்டும். கம்ப்ரஸர் பெடல் இருந்தால் மிக லேசாக. கூடினால் நாலாம் படியில் பாடுபட்டுப் பழகிய உரத்த ஸ்வரத்தையும் முணுமுணுப்பையும் அது ஒரே அளவாக்கிவிடும். அந்தப் பெடியனின் பெடல் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

வொல்யூம் பெடல் இருந்தால் கோரஸின் முதல் பதிலில் மட்டும் ஸ்வரத்தை அடித்தபின் காலால் திறந்துவிடுங்கள். அடித்த சத்தம் மறைந்து ஸ்வரம் மட்டும் வயலின் மாதிரி எழும்பி வரும். பெடல் இல்லாவிட்டால் சின்னிவிரலால் வொல்யூம் குமிழைத் திருப்பலாம்.

10. பதிவு செய்து ஆளிடம் போட்டுக் காட்டுங்கள்

போனை ஆம்ப்பிலிருந்து ஆறடி தள்ளி வைத்து முழுப் பாட்டையும் ஒரே தடவையில் பதிவு செய்யுங்கள். துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டினால் இடைவெளிகள் பொய்யாகிவிடும். நேரம் பார்த்துத் தொடங்குங்கள். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் கடலோர ரயில் பாதை. என் ஆகச் சிறந்த பதிவில், சோலோ தொடங்கும் இடத்தில், பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஒன்று தன் பங்குக்கு வாசித்துவிட்டுப் போயிருக்கிறது.

இணையத்தில் போடுவதென்றால் பாட்டை எழுதியவர் சக் பெரி என்று போடுங்கள். அவர் 2017இல் காலமானார். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கும், ஆகவே வருமானம் எதிர்பார்த்துப் போடாதீர்கள்.

பிறகு சோதனை. கிட்டார் வாசிக்காத ஒருவருக்கும் வாசிக்கும் ஒருவருக்கும் தனித்தனியே போட்டுக் காட்டுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். முதலாமவரிடம், "இது என்ன பாட்டு?" என்று கேளுங்கள். முதல் வரி முடியுமுன் பதில் வராவிட்டால் குரலையும் வேகத்தையும் அதிகமாக மாற்றிவிட்டீர்கள், ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டாமவரிடம், "யாருடைய கை?" என்று கேளுங்கள். "சத்தம் நல்லா இருக்கு, என்ன பெடல்?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நான்காம் படி. பிக்கை மறுபடி அடுத்த அறையில் வைத்துவிட்டு, மெட்ரோனோமை 60க்குத் திருப்புங்கள்.